சாக்கே மேசையில் நான் இட்ட கையெழுத்து

ஹம்பேர்க்கில் நான் வேலை செய்த கம்பனியில் இப்போது சாக்கே என்ற ஜப்பானிய மதுவை முகர்ந்து பார்க்க ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு சொட்டை உள்ளே விட்டால் எந்த வாசனை எவ்வளவு என்று கோடு கீறிக் காட்டிவிடுமாம். அதைப் பார்த்துக்கொள்ளும் நித்யா திருச்சிப் பிள்ளை, எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, “அங்கிள், மெஷின் வந்தாச்சு, இனிமே யார் மூக்குக்கும் வேலை இல்ல” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தடிமன் பிடிக்காத மூக்கு, லீவு கேட்காத மூக்கு, நல்லதுதானே. பிறகு ஒன்று கேட்டாள். பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும்போது பார்த்தாளாம். பத்தொன்பது வருடம் சுவை மேசையில் என் கையெழுத்து இருக்கிறது, கடைசி எட்டு வருடம் இல்லை. ஏன் விட்டீர்கள் என்றாள். முழங்கால் நோவு என்றேன். முழங்காலால் யாராவது சாக்கேயைச் சுவை பார்ப்பார்களா? அவள் மரியாதைக்கு வேறு கதைக்கு மாறினாள். எனக்குத்தான் இரண்டு நாள் உறுத்தியது. ஆகவே எழுதுகிறேன்.

நான் மன்னார்க்காரன். எண்பதுகளில் அகதியாக வந்து, முகாமில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, மீன் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய கதையை எனக்கு முன்னால் பலர் எழுதிவிட்டார்கள், அதனால் நான் ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். முப்பத்தைந்து வயதில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஜப்பானிய உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் சிறிய கம்பனியின் லாகரில் வேலை கிடைத்தது. லாகர் என்றால் களஞ்சியம். சோயா சோஸ், கடற்பாசி, நூடில்ஸ், அவற்றோடு சாக்கே. அரிசியை அவித்து, அதில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்து, தண்ணீரில் நொதிக்கவிட்டு ஜப்பானியர் ஆக்கும் மது அது. நான்கு வருடம் அதைப் பெட்டி பெட்டியாக அடுக்கினேன், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் கவலையில்லை.

ஒருநாள் புதிதாக இறக்கிய அடுக்கின் பக்கத்தால் போகும்போது வாழைப்பழ வாசனை வந்தது. கீழிருந்து மூன்றாவது பெட்டியில் ஒரு போத்தல் உடைந்திருக்கிறது என்று சொன்னேன். பெட்டி காய்ந்துதான் இருந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் பகிடி பண்ணினார்கள். சாக்கேக்குப் பொறுப்பான ஃபிராவ் லோரென்சன் மட்டும் பகிடி பண்ணாமல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு போத்தலின் மூடியில் மயிர் அளவு வெடிப்பு.

அடுத்தநாள் அவர் என்னைச் சுவை அறைக்குக் கூப்பிட்டு, ஐந்து கிண்ணங்களை முன்னால் வைத்து, “என்ன இருக்கிறது?” என்று கேட்டார். எனக்கு ஜெர்மன் சொற்கள் போதவில்லை. முதலாவதில் பழுத்த வாழைப்பழம், இரண்டாவதில் சோறு வடித்த தண்ணீர், மூன்றாவதில் மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். அவர் பென்சிலால் அப்படியே எழுதிக்கொண்டார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதுவரை இந்த நாட்டில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அலுவலகக் கேள்விகள். எந்தத் தேதி வந்தாய், எந்த வழியால் வந்தாய், அத்தாட்சி எங்கே. சொன்ன பதிலை ஒருவரும் முதல் தடவையில் நம்பியதில்லை. இந்த மனுசி கேட்டார், நான் சொன்னேன், அவர் எழுதினார். அன்று வீட்டுக்குப் போகும்போது எஸ்-பான் ரயிலில் எனக்கு இருக்க முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

ஃபிராவ் லோரென்சன் நெடிய பெண். சாம்பல் நிற வேலைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டியிருப்பார். பத்தொன்பது வருடமும் என்னை ‘ஹெர் சூசைதாசன்’ என்று, திருவாளர் போட்டு முழுப்பெயர் சொல்லித்தான் அழைத்தார். லாகரில் மற்றவர்களுக்கு நான் ‘சூசி’. நல்லது, கூடாது என்ற சொற்களுக்கு அவருடைய அறையில் இடமில்லை. என்ன இருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டும். முகத்தைச் சுளிக்கவும் கூடாது, ஏனென்றால் ஒருவரின் முகம் மற்றவரின் நாக்கைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அதனால் இரண்டு பேரும் முதுகுக்கு முதுகு காட்டி இருந்துதான் சுவை பார்ப்போம். எழுதி முடிந்ததும் தாள்களை மாற்றிக்கொள்வோம். இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் சரக்கு வெளியே போகும்.

வேலை காலை பத்து மணிக்கு. கோப்பி ஏலாது, சென்ற் ஏலாது, வாசனைச் சவர்க்காரம் ஏலாது. ஒவ்வொரு சரக்கிலும் மேல் பெட்டி, நடுப் பெட்டி, அடிப் பெட்டி என்று மூன்று போத்தல் எடுப்போம். கூடவே போன தடவை வந்ததில் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அடியில் இரண்டு நீல வளையம். அந்த நீலத்தின் மேல் சாக்கேயை ஊற்றினால் கலங்கலோ மஞ்சளோ உடனே தெரிந்துவிடும். முதலில் பார்க்க வேண்டும், பிறகு ஆட்டாமல் முகர வேண்டும். ஒரு சின்ன மிடறு எடுத்து, காற்றை உள்ளே இழுத்து, நாக்கில் பரப்பி, மூச்சை மூக்கால் விட்டு, துப்ப வேண்டும். விழுங்கினால் பதினொரு மணிக்குப் பிறகு எழுதுவதெல்லாம் கவிதையாகிவிடும் என்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பகிடி அதுதான்.

இப்படித்தான் ஜப்பானைப் போகாமலே கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஹிரோஷிமாப் பக்கத்துச் சாக்கே மெத்தென்று இருக்கும். கொச்சியில் இருந்து, கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் உள்ளது, வருவது இனிப்பில்லாமல் காய்ந்தது, வாயில் நிற்காமல் உடனே போய்விடும். நீகாத்தாவில் இருந்து வருவது பனித் தண்ணீர் போலச் சுத்தம். எனக்குப் பிடித்தது யமகாத்தா மலைப்பக்கத்தில் ஒரு சின்ன வடிசாலையினுடையது. அதன் உரிமையாளர் பெயர் ஓகாவா. அந்தச் சாக்கேயில் பேரிக்காய் வாசனை வரும், அதற்குப் பின்னால் சோற்றுப் பானையைத் திறந்த ஆவி.

எங்கள் தமிழ்ச் சபையில், சம்பளம் வாங்கிக்கொண்டு குடிக்கிற அண்ணை என்று எனக்குப் பெயர். நான் துப்புகிறேன் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் என் மனைவி றீற்றாவுக்குத் தெரியும். என் வேலைக்காக அவள் வாசனையில்லாத சவர்க்காரம் தேடி வாங்கினாள், காலையில் வெங்காயம் உரிக்காமல் இருந்தாள், கறியை வேலை முடிந்த பிறகுதான் கண்ணில் காட்டினாள். அந்தக் கறியில் கிடந்த நாலு வெந்தயம் என் மூக்கை ஒருநாளும் ஒன்றும் செய்யவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குச் சலரோகம், அதாவது சீனி வருத்தம், வந்தது. சாப்பாட்டால் குறைக்கப் பார், இல்லாவிட்டால் மாத்திரை என்று டொக்டர் சொல்லிவிட்டார். றீற்றா இரவில் ஒரு பெரிய கரண்டி வெந்தயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, விடிய அந்தத் தண்ணீரோடு விழுங்கத் தருவாள். மன்னாரில் இருந்து கனடா வரை நம்மவர் செய்வதுதான். சீனியும் இறங்கியது. வருத்தத்தைப் பற்றிக் கம்பனியில் நான் மூச்சு விடவில்லை. சலரோகக்காரனை மது மேசையில் வைத்திருப்பார்களா என்று பயம். என்னிடம் படிப்புத் தாள் ஒன்றும் இல்லை, அந்த மேசைதான் என் படிப்புத் தாள். வெந்தயத்தை நான் சாப்பாடாகவே எண்ணவில்லை, மருந்து என்றே எண்ணினேன். மருந்தைப் பற்றி அந்த அறையின் விதிகளில் ஒன்றும் இல்லை.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம், ஓகாவாவின் சரக்கு வந்தபோது ஃபிராவ் லோரென்சன் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார். உணவகங்கள் அவசரப்படுத்தின. என் ஒரு கையெழுத்தோடு அனுப்பலாம் என்று ஆஸ்பத்திரியில் இருந்தே அனுமதி தந்தார். நான் மூன்று போத்தலும் எடுத்தேன், ஒப்பிடும் போத்தலும் எடுத்தேன், விதி ஒன்றையும் விடவில்லை. நாலும் எனக்கு ஒன்றுபோல இருந்தன. ‘பேரிக்காய், சோற்று ஆவி, சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பக்கத்தில் அவருடைய கட்டம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டில் இருந்து, சாக்கே கெட்டிருக்கிறது என்று, பெட்டிகள் திரும்பி வந்தன, பிறகு வேறு இரண்டு இடங்களில் இருந்தும் வந்தன. ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பியிருந்த ஃபிராவ் லோரென்சன் மூன்று போத்தலைத் திறந்து, ‘எரிந்த சீனி, சூப் சோஸ்’ என்று எழுதினார். ஜெர்மன்காரர் சூப்புக்கு ஊற்றுகிற அந்தக் கறுத்த சோஸ்தான். சூட்டில் கெட்ட சாக்கேயிலும் வருடக்கணக்கில் கிடந்த சாக்கேயிலும் அந்த வாசனை வரும். எனக்கு ஏதோ களைத்த சாக்கே மாதிரித் தெரிந்ததே தவிர, அவர் எழுதியது பிடிபடவில்லை. ஐந்து கிழமையில் மாறிப்போயிருக்கிறது என்று எண்ணினேன்.

ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பத்தொன்பது வருடத் தாள்கள் எனக்குச் சாட்சி. வரும்போது சுத்தம் என்று நான் எழுதியிருக்கிறேன். எங்கள் குளிர் அறையில் பிழையில்லை. அப்படியென்றால் அந்தச் சாக்கேக்கே தாக்குப்பிடிக்கிற பலம் இல்லை, ஆக்கியவர் எங்கோ தவறவிட்டிருக்கிறார் என்று ஃபிராவ் லோரென்சன் கணக்குப் பார்த்தார். ஓகாவாவுக்கு மிக மரியாதையாக ஒரு கடிதம் போனது. கெட்ட போத்தல் இரண்டும் என் தாளின் பிரதியும் கூடவே போயின.

தை மாதம், இனி வாங்குவதில்லை என்ற முடிவை நேரில் சொல்வதுதான் முறை என்று அவர் ஜப்பான் போனார், சுவை பார்த்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும். வழியில் என் பெட்டி எங்கோ மாறிப்போய்விட்டது. றீற்றா ஜாம் போத்தலில் கட்டித் தந்த வெந்தயமும் அதோடு போனது. நாலு நாள் வெந்தயம் இல்லாமல் இருந்தேன்.

வடிசாலை பழைய மரக் கட்டடம், யன்னல் வரைக்கும் பனி. வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் ஓகாவா எங்களை நிறுத்தி, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அங்கே அது உபசாரக் கேள்வி இல்லை. நட்டோ என்று ஒரு நொதித்த சோயா அவரை இருக்கிறது, ஜப்பானியர் காலையில் சாப்பிடுவது. அதைச் சாப்பிட்டவன் பூஞ்சணம் வளர்க்கும் அறைக்குள் மூச்சு விட்டாலே அந்தக் கிருமி அரிசியில் ஏறி, எல்லாம் வழுவழுத்துப் போய்விடுமாம். வடிசாலையின் தலைமை வடிப்பாளரை தோஜி என்பார்கள். இங்கே இருந்த தோஜி முப்பத்தொரு குளிர்காலம், ஐப்பசியில் இருந்து சித்திரை வரை, நட்டோவைத் தொட்டதில்லை என்று ஓகாவா சொன்னார். நான் சோறும் மீனும் என்றேன். எங்களை உள்ளே விட்டார்.

அந்த அறை வெக்கையாக இருந்தது. மரத் தட்டுகளில் அரிசி, ஒவ்வொரு மணியிலும் வெள்ளைப் பஞ்சு, குளிர்காலத்தில் ஹம்பேர்க் தெருவில் சுட்டு விற்கிற கஸ்தானியக் கொட்டையின் வாசனை. ஓகாவா தானே கையால் அரிசியைப் புரட்டிக்கொண்டிருந்தார். தோஜி எங்கே என்று ஃபிராவ் லோரென்சன் கேட்டார். ஓகாவா தட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார், ஃபிராவ் லோரென்சன் எனக்கு மொழிபெயர்த்தார். ஹம்பேர்க்கில் இருந்து வந்த போத்தலைத் தோஜி திறந்து முகர்ந்தாராம். தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். அங்கே போய்ச் சேரும்வரை சுத்தம், பிறகுதான் கெட்டது என்றால் அது தன் கையில் தொடங்கிய பிழை, இங்கேயே தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தன் நாக்குக் கிழடாகிவிட்டது என்று சொல்லி, பருவம் தொடங்க முன்னமே விலகிவிட்டாராம்.

பிறகு அலுவலக அறையில் மூன்று கிண்ணம் வைத்தார்கள். இந்த வருடத்துப் புதியது, போன வருடத்தது, மூன்றாவதில், பழமையின் வாசனையைப் பழக்குவதற்கென்று தோஜி பத்து வருடம் ஒதுக்கிவைத்த போத்தல். முதல் இரண்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். றீற்றா விடியக் குசினியில் ஊறின வெந்தயத்தின் மூடியைத் திறந்தால் எப்படி வருமோ, அப்படியே வந்தது. ஃபிராவ் லோரென்சன் ஹம்பேர்க்கில் இருந்து கொண்டுவந்த கெட்ட போத்தலையும் ஊற்றினார்கள். அதிலும் வெந்தயம். அவர் பத்தொன்பது வருடமாகச் சூப் சோஸ் என்று எழுதிய வாசனையும், என் வாயிலும் வேர்வையிலும் மாதக்கணக்காக இருந்த வாசனையும் ஒன்றுதான். தன் வீட்டு வாசனை தனக்குத் தெரியாது. நான் அதற்குள் இருந்துகொண்டு சுத்தம் என்று எழுதியிருக்கிறேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஃபிராவ் லோரென்சன் முடிவைச் சொன்னார், ஓகாவா தலை குனிந்தார், நானும் தலை குனிந்தேன். மரியாதைக்குக் குனிகிறேன் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். கோழை என்ற சொல்லை நான் பிறருக்குத்தான் பாவித்திருக்கிறேன், அன்றைக்கு எனக்கே பாவிக்க வேண்டி வந்தது.

ஹம்பேர்க் திரும்பியதும் பரீட்சித்துப் பார்த்தேன். வெந்தயம் எடுக்காமல் அந்தப் போத்தலை முகர்ந்தேன், வாசனை இருந்தது. நாலைந்து நாள் விடாமல் எடுத்துவிட்டு முகர்ந்தேன், போய்விட்டது. பரீட்சை என்று சொன்னாலும் உண்மை எனக்கு யமகாத்தாவிலேயே தெரியும். மிச்ச நாள் எல்லாம் பயத்துக்குச் செலவழித்தது. கடைசியில் றீற்றாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து இருந்தாள்.

“வெந்தயம் தந்தது நான்தானே. மனுசிதான் தந்தவ எண்டு சொல்லுங்கோ.”

“நீர் தந்தது மருந்து. ஒளிச்சது நான்.”

“வேலை போனா?”

“போகட்டும். அந்தாள் தன்ர நாக்குக் கெட்டுப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறான், றீற்றா.”

அவள் எழும்பி அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். பிறகு, “அப்ப நாளைக்கே சொல்லுங்கோ, ஞாயிறு பூசைக்கு முதல் சொல்லுங்கோ” என்றாள்.

அடுத்தநாள் பத்து மணிக்குச் சுவை அறையில் கிண்ணங்களைத் தொடாமல், வருத்தம், வெந்தயம், ஒளித்தது, யமகாத்தாவில் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன். கொண்டுபோன வெந்தயத்தை மேசையில் வைத்தேன். அவர் இரண்டு மணியை எடுத்துக் கடித்தார். எழும்பிப் போய் அந்த ஓகஸ்ட் தாளை எடுத்து வந்தார்.

“ஏன் வருத்தத்தை என்னிடம் சொல்லவில்லை?”

“இந்த மேசையில் இருந்து எழுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன்.”

“எழுப்பியிருக்கமாட்டேன்” என்றார். தாளில் வெறுமையாக இருந்த தன் கட்டத்தைக் காட்டி, “இரண்டு கையெழுத்து என்பது என் விதி. அதை நான்தான் மீறினேன்” என்றார். பிறகு என் பழைய கையெழுத்துக்குக் கீழே திருத்தத்தை என் கையாலேயே எழுதச் சொன்னார். பென்சில் வேண்டாம், பேனையால் எழுதுங்கள் என்றார். ‘இந்தச் சரக்கு வந்தபோதே கெட்டிருந்தது. சுவை பார்த்தவரின் மூக்கு அன்று தகுதியாக இருக்கவில்லை. ஆக்கியவரில் பிழை என்று சொல்ல ஆதாரமில்லை.’ இந்த மூன்று வரியையும் எழுத எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. பத்தொன்பது வருடத்தில் அவருடைய முகம் கலங்கி நான் கண்டது அன்றைக்குத்தான்.

கப்பல் தாள்களைத் திரும்பக் கிண்டியபோது, வழியில் ஒரு துறைமுகத்தில் கொள்கலன் மின்சாரம் இல்லாமல் பல நாள் வெயிலில் நின்றது தெரியவந்தது. ஓகாவாவிடம் திரும்பவும் வாங்கத் தொடங்கினோம். என்னை வேலையால் நிறுத்தவில்லை. மாத்திரைக்கு மாறிவிட்டு மேசைக்கு வரலாம் என்று ஃபிராவ் லோரென்சன் இரண்டு தடவை கேட்டார். நான் லாகருக்கே போகிறேன் என்றேன். அதைத் தண்டனை என்று நினைத்துச் செய்யவில்லை. அந்த மேசையில் இருந்தால் ஒவ்வொரு கிண்ணத்திலும் அந்த மனிதர்தான் தெரிவார்.

தோஜிக்கு நான் ஜெர்மனில் எழுதிய கடிதத்தை ஃபிராவ் லோரென்சன் ஜப்பானியத்தில் பெயர்த்து அனுப்பினார். பதில் பங்குனி முடியும்போது வந்தது. அதை அவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. நான் வேலை செய்த இடத்துக்கே வந்து, பெட்டிகளுக்கு நடுவில் நின்று, வரி வரியாக மொழிபெயர்த்தார். கடிதம் சிறியது. ஓகாவா திரும்பக் கூப்பிட்டதாகவும், தான் போகவில்லை என்றும், முப்பத்தொரு குளிர்காலம் இரவில் எழும்பி எழும்பி அரிசியைப் பார்த்த உடம்பு இப்போது படுக்கப் பழகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். வெந்தயத்துக்குச் சீனி இறங்கியதா என்று விசாரித்திருந்தார். கடைசிப் பகுதியை வாசிக்க முன் ஃபிராவ் லோரென்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் குளிர்காலம் முழுக்க நான் சாப்பிட்ட எதையும் நம்பவில்லை. சூப்பில் உப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் மனைவியிடம் கேட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று கேட்காமல் குடித்தேன்.”

அவர் கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் சாக்கேப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஒரு மனிதன் தன் வீட்டுச் சூப்பைத் தன் நாக்கால் நம்பிக் குடிக்க முடியாமல் ஒரு குளிர்காலம் இருந்திருக்கிறான். அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.